உங்களை நீங்களே பழுதுபார்ப்பதை நிறுத்துவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, 11.20 மணிக்கு, நான் மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தேன். காற்று வாங்குவதற்காக அல்ல. கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச் அன்று நடந்த காலடிகள் 9,412 என்று காட்டியது; நள்ளிரவுக்குள் அது 10,000 ஆகாவிட்டால், தொடர்ந்து 83 நாள்களாகக் காப்பாற்றி வந்த கணக்கு அறுந்துவிடும். கால் வலித்தது, மறுநாள் விடியற்காலையில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது, கீழே அம்மா வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். கடைசியில் அவரே மாடியேறி வந்து, "யார்கிட்ட கணக்கு ஒப்பிக்கணும்னு இந்த நேரத்துல நடந்துக்கிட்டிருக்க?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடியபோது அந்த எண்ணின் பூர்வீகம் தெரியவந்தது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் கருவி ஒன்றுக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தார்கள். 'பத்தாயிரம் அடி மானி' என்பது அதன் பொருள். மருத்துவர்கள் கூடி முடிவெடுத்த அளவு அல்ல அது. ஒரு சரக்குக்கு வைத்த கவர்ச்சியான பெயர். அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான 16,741 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம், 2,700 அடி நடந்தவர்களுடையதைவிட 41 விழுக்காடு குறைவாக இருந்தது; சுமார் 7,500 அடிக்கு மேல் நடந்ததால் கூடுதல் பலன் தென்படவில்லை. அதாவது நான் மாடியில் நடந்தது உடம்புக்காக அல்ல, ஒரு பழைய விளம்பரத்துக்காக.

நடப்பது நல்லது என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நமக்கு உதவ வந்த ஒரு பழக்கம் எந்த இடத்தில் நம்மை மேற்பார்வையிடும் அதிகாரியாக மாறுகிறது என்பதுதான் இங்கே பேச்சு. சுயமுன்னேற்றம் என்ற பெயரில் நாம் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யும் பலவற்றின் அடியில், 'இப்போதிருக்கும் நான் பழுதான பொருள், பழுது நீங்கிய பிறகுதான் வாழ ஆரம்பிக்க முடியும்' என்ற நினைப்பு ஓசையில்லாமல் கிடக்கிறது. வளர்வது வேறு, பழுதுபார்ப்பது வேறு. முதலாவதற்கு முடிவு தேவையில்லை, இரண்டாவதற்கு முடிவே கிடையாது. இந்த இரண்டையும் பிரித்தெடுக்க நான் செய்து பார்த்தவற்றையும், உளவியல் ஆய்வுகளில் அவற்றுக்கு இருக்கும் ஆதாரத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு தாளும் ஒரு பேனாவும் நான்கு வாரமும் போதும். தயவுசெய்து இதற்கென ஒரு செயலியைத் தரவிறக்க வேண்டாம்.

ஒரு தாளில் ஆறு கட்டங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் கேரல் ரிஃப், 1989-இல் வெளியிட்ட கட்டுரையில், நல்வாழ்வு என்பதை வெறும் மகிழ்ச்சியாக மட்டும் அளப்பது போதாது என்று வாதிட்டு, அதற்கு ஆறு கூறுகளை முன்வைத்தார். தன்னை ஏற்றுக்கொள்ளுதல், பிறரோடு நல்லுறவு, சுயமாக முடிவெடுத்தல், அன்றாடச் சூழலைச் சமாளித்தல், வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருத்தல், தனிமனித வளர்ச்சி என்பவை அந்த ஆறு. வளர்ச்சி பட்டியலில் இருக்கிறது, ஆனால் ஆறில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அவர் வளர்ச்சி என்று சொன்னதும் புதிய அனுபவங்களுக்குத் திறந்திருப்பது, தான் மாறிவருவதைத் தானே உணர்வது போன்றவற்றைத்தான். குறைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அடிப்பதை அல்ல.

தாளை ஆறு கட்டங்களாக மடியுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் இந்த ஆறில் ஒன்றை எழுதிவிட்டு, கடந்த 30 நாள்களில் நீங்கள் செய்தவற்றை அந்தந்த இடத்தில் எழுதுங்கள். உணர்ச்சிகளை எழுத வேண்டாம், செயல்களை மட்டும் எழுதுங்கள். ரேஷன் கார்டில் பெயர்ப்பிழையைத் திருத்தியது சூழலைச் சமாளித்ததில் சேரும். தம்பி மகன் சைக்கிள் பழக, பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியது உறவில் சேரும். பிடிக்காத ஒரு கூட்டத்துக்கு வரவில்லை என்று சொன்னது சுயமாக முடிவெடுத்ததில் சேரும். ஒரே செயல் இரண்டு கட்டங்களுக்கும் பொருந்தினால் இரண்டிலும் எழுதலாம்.

என் தாளில் வளர்ச்சிக் கட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டு இணையவழிப் படிப்புகள், விடியற்காலை ஐந்து மணி எழுகை, குளிர்நீர்க் குளியல், தினமும் 20 பக்க வாசிப்பு என்று பதினொரு வரிகள். உறவுக் கட்டத்தில் இருந்தது ஒரே வரி: அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா. அதிலும் பந்தியில் உட்காராமல், ஓர் இணையவழி வகுப்புக்காகப் பாதியில் கிளம்பியிருந்தேன். தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்றே விளங்கவில்லை. அதை வெற்றிடமாகவே விட்டேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் எதையாவது எழுதி நிரப்பாதீர்கள். அந்த வெற்றிடம்தான் இந்தப் பயிற்சியில் கிடைக்கும் முதல் தகவல்.

யாருடைய குரல்?

அடுத்து, வளர்ச்சிக் கட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு கேள்வியைக் கேளுங்கள். இதை நான் செய்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, ஸ்டேட்டஸில் போட முடியாது, சான்றிதழும் கிடையாது என்றாலும் செய்வேனா? உடனே 'ஆம்' என்று வருபவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். தயக்கம் வருபவற்றுக்கு அருகே ஒரு சிறு கோடு போடுங்கள்.

கோடு போட்டவற்றுக்கு இரண்டாவது சோதனை ஒன்று உண்டு. டோரி ஹிக்கின்ஸ் என்ற உளவியலாளர் 1987-இல், நம் மனத்துக்குள் இரண்டு வகை வழிகாட்டிகள் இருப்பதாக எழுதினார். ஒன்று, நான் இப்படி இருக்க ஆசைப்படுகிறேன் என்பது. மற்றொன்று, நான் இப்படி இருந்தாக வேண்டும் என்பது. ஆசைப்பட்டதை எட்ட முடியாதபோது ஏமாற்றமும் சோர்வும் வருகின்றன. இருந்தாக வேண்டியதை எட்டாதபோது பதற்றமும் அச்சமும் வருகின்றன. ஆகவே ஒரு பழக்கம் ஒரு நாள் தவறும்போது உள்ளே எழுவது வருத்தமா பயமா என்று கவனித்தால் போதும். பயமாக இருந்தால் அந்தக் கட்டளை பெரும்பாலும் உங்களுடையது அல்ல, அதற்கு வேறொருவரின் குரல் இருக்கும். யாருடைய குரல் என்று கண்டுபிடியுங்கள். ஐந்து மணிக்கு எழாத நாள்களில் எனக்கு வந்தது பயம்தான், அதுவும் வயிற்றில் வரும் பயம்; அது பத்தாம் வகுப்பில் என் போர்வையை உருவி எழுப்பிய சித்தப்பாவின் குரல் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. சித்தப்பா இப்போது ஏழு மணி வரை நிம்மதியாகத் தூங்குகிறார்.

இந்தக் குரல்கள் இன்று கூடியிருக்கின்றன என்பதற்குக் கணக்கும் உண்டு. எதிலும் குறையிருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தை பால் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட் ஆகிய உளவியலாளர்கள் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்மேல் சுமத்திக்கொள்வது, பிறர்மேல் சுமத்துவது, பிறர் தன்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. 1989-க்கும் 2016-க்கும் இடையே அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளின் கல்லூரி மாணவர்கள் 41,641 பேரிடம் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் திரட்டிப் பார்த்தபோது மூன்றுமே ஏறியிருந்தன. எல்லாவற்றையும்விட வேகமாக, 33 விழுக்காடு, ஏறியிருந்தது மூன்றாவது வகைதான். மற்றவர்கள் தன்னை எடைபோடுகிறார்கள் என்ற நம்பிக்கை அது.

நம் ஊரில் இதற்கு ஆய்வு தேவையில்லை, பிளஸ் டூ படித்த யாரைக் கேட்டாலும் போதும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, அதை வைத்தே ஒரு பிள்ளையைக் கல்யாண வீடுகளில் அறிமுகப்படுத்தியவர்கள் நாம். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசே 2017-இல் கைவிட்டுவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியவர்கள்தான் இன்னும் தமக்குத் தாமே தரவரிசை வெளியிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோடு போட்ட வரிகளில் வேறொருவரின் குரலில் ஒலிப்பவை எவை என்று தெரிந்ததும், அவற்றுள் ஒன்றை மட்டும் இந்த நான்கு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டியெறிய முற்பட்டால், அதுவே இன்னொரு சுயமுன்னேற்றத் திட்டமாகிவிடும்.

ஒரு காரியத்திலிருந்து அளவுகோலைக் கழற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள எல்லா எண்களையும் நீக்கிவிடுங்கள். நடை என்றால் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு நடங்கள். வாசிப்பு என்றால் இந்த ஆண்டு எத்தனை புத்தகம் என்ற இலக்கை அழித்துவிடுங்கள். கோலம் என்றால் படமெடுக்காமல் விட்டுவிடுங்கள். மாலைக்குள் வண்டிச் சக்கரங்கள் அழித்துவிடும், அழிக்கட்டும்.

காரணம் இதுதான். 1971-இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவினருக்கு, இடையில் ஒரு சுற்றில் மட்டும், விடுவிக்கும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுக்கப்பட்டது. பிறகு காசு இல்லாத சுற்றில், ஆய்வாளர் எழுந்து வெளியே போன சில நிமிடங்களில் யார் விளையாட்டாகப் புதிரைத் தொடுகிறார்கள் என்று பார்த்தார்கள். காசு வாங்கிப் பழகியவர்களின் ஆர்வம் முன்பைவிடக் குறைந்திருந்தது. பிற்பாடு 1999-இல் டெசியும் உடனாய்வாளர்களும் 128 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, செய்து காட்டினால் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லித் தரப்படும் பரிசு, அந்தக் காரியத்தின் மேலுள்ள சொந்த விருப்பத்தை அரிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பரிசு காசாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், நடந்த அடிகளைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் அதிகமாக நடந்தார்கள், ஆனால் நடையை ரசித்தது குறைவு. படங்களுக்கு வண்ணம் தீட்டும்போது எத்தனை முடித்தோம் என்று எண்ணிக்கை காட்டப்பட்டவர்களுக்கும் அதே கதி. எண்ணத் தொடங்கியதும் விளையாட்டு வேலையாகிவிடுகிறது.

எனக்கு இது உறைத்தது ஆய்வுக் கட்டுரையில் அல்ல, சமையலறையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, முறத்தை நடுவில் வைத்து உட்கார்ந்தார்; நானும் எதிரே உட்கார்ந்து உரித்தேன். ஊறிய வெங்காயத்தின் தோல் கட்டைவிரல் நகத்துக்குச் சட்டென்று கழன்று வந்துவிடும். காம்புப் பக்கம் கிள்ளி இழுத்தால் ஒரே இழுப்பில் முழுச் சட்டையும் உரியும். கை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்க, காதில் இயர்போன் வைத்து, நேர மேலாண்மை பற்றிய ஒரு பாட்காஸ்ட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருந்தேன். வெங்காயம் உரிக்கும் நேரத்தையும் வீணாக்காமல் வளர்கிறேன் என்ற பெருமை உள்ளே. அம்மா ஏதோ சொன்னார், தலையாட்டினேன். இரண்டாவது முறையும் சொன்னார், மறுபடி தலையாட்டினேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் பட்டுப்புடவையில்லாத நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, "வண்டி சொல்லிட்டியா?" என்றார். "எதுக்கு?" என்றேன். பெரியம்மாவுக்கு அன்றுதான் வலது கண்ணில் புரை அறுவை. அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனைக்கு நடந்துபோய் ஆட்டோ பிடித்துக்கொண்டார்.

ஆகவே அளவுகோலைக் கழற்றுவது என்பதில் இரட்டை வேலை செய்வதைக் கழற்றுவதும் அடங்கும். வெங்காயம் உரித்தால் வெங்காயம் உரிப்பது மட்டும், பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் ஜன்னலைப் பார்ப்பது மட்டும். முதல் வாரம் கை அரிக்கும், போனைத் தேடும். நேரம் வீணாகிறது என்ற உறுத்தல் வரும். அந்த உறுத்தல் வந்தால் நீங்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

எல்லா அளவுகளும் இதில் அடங்கா என்பதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர் இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது, இரத்த அழுத்தத்தை மருத்துவர் சொன்னபடி குறித்துவைப்பது, வீட்டுக்கடன் தவணையைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் தொடர வேண்டியவை. தூக்கம் அப்படியல்ல. தூக்கத்தை அளக்கும் கருவி காட்டும் மதிப்பெண்ணைச் சீராக்கும் கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களைக் கண்ட அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள், 2017-இல் அந்த நிலைக்கு 'ஆர்த்தோசாம்னியா' என்று தனிப் பெயரே வைத்தார்கள்.

இலையை மடிக்கக் கற்றுக்கொள்வது

பந்தியில் போதும் என்று சொல்ல நமக்குத் தெரியும். இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைப்போம். அதற்கும் மேல் ஒரு கரண்டி விழும். கடைசியில் இலையை நம் பக்கமாக மடித்துவிட்டால், எவ்வளவு அன்பான வீட்டுக்காரரும் நகர்ந்துவிடுவார். சுயமுன்னேற்றப் பந்தியில் பரிமாறுபவரும் நாமே, உண்பவரும் நாமே என்பதால் இலையை மடிப்பவர் யாருமில்லை.

எனவே ஒவ்வொரு முயற்சிக்கும் தொடங்கும் முன்பே அதன் முடிவை எழுதிவிட வேண்டும். ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும் என்பது முடிவில்லாத இலக்கு; மாதாந்தரக் கூட்டத்தில் என் பகுதியை நானே ஐந்து நிமிடம் விளக்க வேண்டும் என்பது முடிவுள்ளது. நல்ல தாயாக இருக்க வேண்டும் என்பது முடிவில்லாதது. அதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு, லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வினிகாட் 1953-இல் எழுதிய கருத்து ஆறுதல் தரலாம். குறையில்லாத தாய் அல்ல, போதுமான அளவுக்கு நல்ல தாய்தான் குழந்தைக்குத் தேவை என்றார் அவர். தொடக்கத்தில் முழுமையாக ஈடுகொடுக்கும் தாய், குழந்தை வளர வளர அதற்குச் சிறிது சிறிதாகக் குறைவாகவே ஈடுகொடுக்கிறாள். அந்தச் சிறு ஏமாற்றங்களைத் தாங்கித்தான் குழந்தை உலகத்தோடு பழகுகிறது என்பது அவர் வாதம். குறை அங்கே விபத்து அல்ல, வளர்ச்சியின் ஒரு பகுதி.

தொடர்நாள் கணக்கு வைத்திருப்பவர்கள் அதை ஒரு முறை வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள். 2009-இல் ஃபிலிப்பா லாலி என்பவரும் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் ஒரு புதிய பழக்கத்தை அன்றாடம் செய்து குறித்துவந்தார்கள். பழக்கம் தானாக நடக்கும் நிலையை அடையச் சராசரியாக 66 நாள் பிடித்தது; ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது அந்த வளர்ச்சியைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. 21 நாளில் எதையும் மாற்றிவிடலாம் என்று ரீல்ஸில் கைநீட்டிப் பேசுபவர்களை நான் இப்போதெல்லாம் தள்ளிவிட்டுப் போய்விடுகிறேன். 84-ஆம் நாள் நான் 6,000 அடியோடு வாட்சைக் கழற்றி வைத்தேன். மறுநாள் என் கால்கள் என்னைவிட்டுப் போய்விடவில்லை.

சறுக்கிய நாளில் என்ன எழுதுவது

பழுதுபார்க்கும் மனம் மிகவும் மூர்க்கமாகப் பேசுவது தோற்ற நாளில்தான். அன்று தாளை எடுத்து, உங்களைவிட இளைய ஒருவர், சித்தி மகளோ பக்கத்து வீட்டுப் பையனோ, இதே தவற்றைச் செய்துவிட்டு வந்து நின்றால் என்ன சொல்வீர்களோ அதை நான்கு வரியில் எழுதுங்கள். "சரி, போனாப் போகுது. எனக்கும் இப்படி ஆயிருக்கு. முதல்ல சாப்பிடு, அப்புறம் எங்க விட்டோம்னு பார்ப்போம்" என்பதுபோல, பேச்சு மொழியிலேயே எழுதுங்கள். எழுதிவிட்டு, அதன் தலையில் உங்கள் பெயரைப் போடுங்கள்.

இந்த நான்கு வரியில், உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் வரையறுத்த தற்பரிவின், அதாவது தன்மேல் தானே காட்டும் பரிவின், மூன்று கூறுகளும் வந்துவிடுகின்றன: தன்னிடம் கனிவு, இது எல்லா மனிதருக்கும் நேர்வது என்ற உணர்வு, நடந்ததைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது. இது தனக்குத் தானே செல்லம் கொடுத்துக் கெடுத்துக்கொள்வது ஆகாதா என்று நானும் ஐயப்பட்டேன். ஜூலியானா பிரெய்ன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று அந்த ஐயத்துக்கு விடை சொல்கிறது. கடினமான சொல்வளத் தேர்வில் தடுமாறிய மாணவர்களில் ஒரு குழுவினரிடம், இது பலருக்கும் கடினமான தேர்வுதான், உங்களையே நொந்துகொள்ள வேண்டாம் என்ற பொருளில் சொன்னார்கள். இன்னொரு குழுவினரிடம், நீங்கள் புத்திசாலிகள்தான் என்று தன்மதிப்பைத் தூக்கிவிட்டார்கள். மறுதேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் பரிவைக் கேட்ட முதல் குழுவினர்தாம். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய கவலை அவர்களுக்கு இல்லை.

கைவிட வேண்டியதைக் கைவிடுவது

கைவிடுவதை நாம் தோல்வியாகவே கற்றுவந்திருக்கிறோம், ஆனால் எட்ட முடியாத இலக்கிலிருந்து கழன்றுகொள்ளவும், வேறு பொருளுள்ள இலக்கில் மனத்தைச் செலுத்தவும் தெரிந்தவர்களின் நல்வாழ்வு மேலாக இருப்பதைக் கார்ஸ்டன் ராஷ் என்பவரும் உடனாய்வாளர்களும் 2003-இல் காட்டினார்கள். செய்ய வேண்டியது எளிது, மனம் வருவதுதான் கடினம். வீட்டில் கண்ணில் படும் இடத்தில், உங்களைக் குற்றஞ்சாட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் இருக்கும்: துணி காயப்போட மட்டும் பயன்படும் உடற்பயிற்சிச் சைக்கிள், பீரோ மேல் வேட்டி சுற்றிக் கிடக்கும் வயலின், முதல் பாடத்தோடு நின்ற மொழிப்புத்தகம். அதை உண்மையில் வேண்டியவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

என் அலமாரியில் ஒரு ஜெர்மன் மொழிப் பாடநூல் மூன்று ஆண்டுகளாக இருந்தது. ஏன் வாங்கினேன் என்பதற்கு என்னிடம் இன்றுவரை நேர்மையான காரணம் இல்லை. மேல்வீட்டில் குடியிருந்த செவிலியர் மாணவி, வேலைக்காக ஜெர்மனி போகத் தேர்வெழுதிக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கொடுத்தபோது முதல் நான்கு பக்கங்களில் மட்டும் இருந்த என் பென்சில் குறிப்புகளைப் பார்த்துச் சிரித்தார். அலமாரியில் அந்த இடம் இரண்டு மாதம் காலியாகவே இருந்தது.

ஓய்வைப் பற்றி ஒரு சொல். நாளை நன்றாக வேலை செய்வதற்காக இன்று ஓய்வெடுங்கள் என்ற அறிவுரை, ஓய்வையும் வேலையின் கணக்கில் எழுதுகிறது. அதை நம்ப வேண்டாம். உறவும் அப்படித்தான்: 148 ஆய்வுகளில் இருந்த 308,849 பேரின் விவரங்களை ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடனாய்வாளர்களும் 2010-இல் தொகுத்துப் பார்த்து, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர்வாழும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். ஆயுளைக் கூட்டுவதற்காக ஒருவர் தன் பெரியம்மாவைப் பார்க்கப் போனால், அதைப் பெரியம்மா வாசற்படியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இந்த முறை எங்கே பயன்படாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளம் போதாமை, பணியிடத்தில் சாதியோ பாலோ காட்டி ஒதுக்குதல், அடிக்கும் கணவன் போன்ற துன்பங்களின் வேர் ஒருவரின் மனத்துக்குள் இல்லை. அங்கே 'உன்னை நீ ஏற்றுக்கொள்' என்பதும் 'உன்னை நீ முன்னேற்றிக்கொள்' என்பதைப் போலவே கொடுமையான அறிவுரை. அதுபோலவே, முன்பு பிடித்த எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்தால், அது தாளில் கட்டம் போட்டுத் தீர்க்கும் விஷயம் அல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மானஸ் இலவச உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926-ஐ அழைக்கலாம்.

நான்கு வாரம் முடிந்ததும் புதிய தாள் ஒன்றை ஆறாக மடித்து, மறுபடி 30 நாள்களை எழுதுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். முன்பு வெற்றிடமாக இருந்த கட்டத்தில் ஏதாவது தானாக வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். என் இரண்டாவது தாளில் வளர்ச்சிக் கட்டம் நான்கு வரியாகச் சுருங்கியிருந்தது. தன்னை ஏற்றுக்கொள்ளுதல் கட்டம் அப்போதும் காலிதான். உறவுக் கட்டத்தில் இருந்த ஆறு வரிகளில் கடைசி வரி இது: பெரியம்மாவுக்கு இடது கண் அறுவை, வண்டி நான் சொன்னேன், திரும்பும் வழியில் மூவரும் பன்னீர் சோடா குடித்தோம்.